செட்டிநாட்டில் முதியோருக்கான வீட்டுப் பராமரிப்புத் தொழில் தொடங்க என்ன தகுதி வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகிய ஊர்களில் பிள்ளைகள் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ சென்னையிலோ இருக்க, எண்பது வயதைக் கடந்த பெற்றோர் பெரிய வீட்டில் தனியாக இருப்பது இன்று வழக்கமான செய்தியாகிவிட்டது. அவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஆள் கிடைப்பதில்லை என்பதால், பராமரிப்பாளர்களை அனுப்பும் தொழிலைத் தொடங்கலாமா என்று கேட்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி, இதற்கு எந்த லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பதுதான்.

வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் என்ற பெயரில் எல்லா வேலைகளையும் அடக்கிய ஒற்றை உரிமம் இங்கே கிடையாது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைத் திருத்த 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான மசோதா, முதியோருக்கு வீட்டுப் பராமரிப்பு அளிக்கும் நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும் என்று கூறியது. ஆனால் அது சட்டமாகவில்லை. ஒற்றை உரிமம் இல்லை என்பதற்காக, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. நீங்கள் அனுப்பும் ஆள் அந்த வீட்டில் எந்த வேலையைச் செய்கிறாரோ, அந்த வேலைக்குரிய தகுதி அவரிடம் இருக்க வேண்டும். இந்த ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டால், பதிவு, வரி, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அதைப் பின்பற்றி ஒழுங்காக அமையும்.

முதற்படி: எந்த வேலையைச் செய்யப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, நீங்கள் தர விரும்பும் சேவைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், டயப்பர் மாற்றுதல், வாய்வழியாக உணவூட்டுதல், வாக்கரைப் பிடித்து நடக்கத் துணை நிற்றல், மருத்துவர் எழுதிய மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்தல், படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், மருத்துவமனைக்குத் துணையாகப் போதல் ஆகியவை பராமரிப்பு வேலைகள். இவற்றை நன்கு பயிற்சி பெற்ற அட்டெண்டர் செய்யலாம்.

ஊசி போடுதல், டிரிப்ஸ் ஏற்றுதல், சிறுநீர்க் குழாயைப் பொருத்துதல் அல்லது மாற்றுதல், மூக்கு வழியாக உணவுக் குழாய் செலுத்துதல், தொண்டையில் துளையிட்டவருக்குச் சளி உறிஞ்சி எடுத்தல், ஆழமான படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுதல் ஆகியவை செவிலியரின் வேலைகள். இவற்றை மருத்துவரின் எழுத்துப்பூர்வமான குறிப்பின்படி, பதிவு பெற்ற செவிலியர் மட்டுமே செய்ய வேண்டும். மூட்டுக்கும் பக்கவாதத்துக்கும் பயிற்சி அளிப்பது இயன்முறை மருத்துவரின் வேலை. அவர்களையும் பிற துணை மருத்துவத் தொழிலினரையும் சேர்த்து, கல்வியையும் பதிவையும் ஒழுங்குபடுத்த 2021இல் ஒரு சட்டம் வந்துள்ளது.

இந்த எல்லை நடைமுறையில் குலைவது பெரும்பாலும் இன்சுலின் விஷயத்தில்தான். "எங்கப்பச்சிக்கு நானே ஊசி போட்டுப் பழக்கம், உங்க ஆளுக்கும் சொல்லிக் கொடுத்துடறேன்" என்று வீட்டார் இயல்பாகச் சொல்வார்கள். மகன் தன் தந்தைக்கு ஊசி போடுவது குடும்பத்துக்குள் நடப்பது. நீங்கள் சம்பளம் கொடுத்து அனுப்பிய அட்டெண்டர் அதே ஊசியைப் போட்டு, அளவு தவறிச் சர்க்கரை இறங்கிவிட்டால், அதற்குப் பொறுப்பு உங்களுடைய நிறுவனத்தின் மீது வந்து நிற்கும். ஆகவே ஊசி வேளைக்கு மட்டும் செவிலியர் ஒருவர் வந்து போகும் முறையை ஏற்படுத்துங்கள். ஒரே தெருவில், ஒரே ஊரில் நான்கைந்து வீடுகள் சேர்ந்தால் இந்த முறை கட்டுபடியாகும்.

தொடங்குபவருக்கும் ஊழியருக்கும் உரிய தகுதி

தொழிலைத் தொடங்குபவர் மருத்துவராகவோ செவிலியராகவோ இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் செவிலியர் சேவையும் தருவதாக விளம்பரம் செய்தால், அனுபவமுள்ள, பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் மேற்பார்வையாளராக உங்களிடம் இருக்க வேண்டும் என்பதும், ஐயம் வந்தால் எந்த நேரத்திலும் கேட்கக்கூடிய மருத்துவர் ஒருவருடன் எழுத்து மூலமான ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. பணம் மட்டும் போட்டு, இந்த வேலையின் வாடையே தெரியாமல் நிர்வாகம் செய்ய வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் நீங்களே அட்டெண்டர் பயிற்சியை முடியுங்கள். படுக்கையில் இருப்பவரைத் தனியாளாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான், ஓர் ஊழியருக்கு எத்தனை மணி நேர வேலை தாங்கும் என்பது உங்களுக்குப் புரியும்.

செவிலியர் தகுதி மூன்று நிலைகளில் வருகிறது. ஏஎன்எம் இரண்டாண்டுப் படிப்பு, ஜிஎன்எம் மூன்றாண்டு டிப்ளமோ, பி.எஸ்ஸி. நர்சிங் நான்காண்டுப் பட்டம். படிப்பு எதுவாயினும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். படிப்புச் சான்றிதழைப் பார்த்ததோடு நிறுத்தாமல், பதிவுச் சான்றிதழின் அசலையும் அது நடப்பில் இருக்கிறதா என்பதையும் பார்த்து, நகலைக் கோப்பில் வையுங்கள். தனியார் நர்சிங் ஹோமில் பல ஆண்டுகள் உதவியாளராக இருந்து, ஊரில் நர்ஸ் என்றே பெயர் பெற்றவர்கள் பலர் உண்டு. அவர்களிடம் கைத்திறமையும் அன்பும் நிறைந்திருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு மிகச் சிறந்த அட்டெண்டர்களாக அவர்களே அமைவார்கள். ஆனால் அவர்களைச் செவிலியர் என்று ரசீதில் எழுதினால் அது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

அட்டெண்டர்களுக்குப் பட்டமோ பதிவோ தேவையில்லை. எனினும் தேசியத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், சுகாதாரத் துறைத் திறன் குழு வகுத்த ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்ட் என்ற பயிற்சிகள் உள்ளன. அவற்றை முடித்தவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். சான்றிதழ் இல்லாதவரை எடுத்தால், உங்கள் மேற்பார்வைச் செவிலியர் அவருக்குப் பயிற்சி கொடுத்து, கைப்படச் செய்து காட்டச் சொல்லிச் சோதித்து, தேறியதை எழுதி வைக்க வேண்டும். சோதனையில் மூன்று கேள்விகளை விடாமல் கேளுங்கள். சர்க்கரை நோயாளி திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் என்ன செய்வாய்? சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கக்கூடும் என்பதையும், நினைவு தெளிவாக இருந்தால் மட்டுமே வாய்வழியாகச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம் என்பதையும், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் அவர் சொல்ல வேண்டும். வாய் ஒருபக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல் போனால்? தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல், அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும். பெரியவர் கீழே விழுந்து இடுப்பு வலி என்றால்? உடனே தூக்கி உட்கார வைப்பேன் என்று சொல்பவருக்கு இன்னும் பயிற்சி வேண்டும்.

பதிவுகளும் வரியும்

இந்தப் பகுதி பலரையும் அச்சுறுத்துகிறது; உண்மையில் இதுதான் எளிய பகுதி. தனிநபர் உரிமையாகவோ, கூட்டாண்மையாகவோ, வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையாகவோ, பிரைவேட் லிமிடெட் நிறுவனமாகவோ தொடங்கலாம். ஒருவர் மட்டும் முதலீடு செய்து சிறிய அளவில் தொடங்கினால் தனிநபர் உரிமையே போதும். இருவர் சேர்ந்தால், உறவினராக இருந்தாலும், கூட்டாண்மைப் பத்திரத்தைக் கட்டாயம் எழுதிப் பதிவு செய்யுங்கள். நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்குங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம். இதற்குப் பணம் கேட்பவரிடம் போக வேண்டாம். அலுவலகம் இருக்கும் இடத்தைப் பொறுத்து, 2024இல் மாநகராட்சியான காரைக்குடியிலோ, உங்கள் பேரூராட்சி, ஊராட்சி அலுவலகத்திலோ தொழில் உரிமம், தொழில் வரி ஆகியவற்றைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

ஜிஎஸ்டியில்தான் முன்பு சொன்ன எல்லைக்கோடு மீண்டும் வருகிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு தேவைப்படும். மருத்துவ நிறுவனங்களும், பதிவு பெற்ற மருத்துவர்களும், துணை மருத்துவப் பணியாளர்களும் அளிக்கும் சிகிச்சைச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் ஆள் அனுப்பும் சேவை 18 விழுக்காடு வரிக்கு உட்பட்டது. உங்கள் அட்டெண்டர் சேவை இவற்றில் எதில் அடங்கும் என்பது நீங்கள் ஒப்பந்தத்தை எழுதும் விதத்தையும் உண்மையில் செய்யும் வேலையையும் பொறுத்திருப்பதால், முதல் ரசீதை அச்சடிப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் இரண்டையும் காட்டுங்கள்.

நோயாளிகளைத் தங்க வைக்கும் படுக்கை, இயன்முறைச் சிகிச்சை மையம், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை ஓர் இடத்தில் வைத்து நடத்த எண்ணினால், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படியும் 2018இல் வந்த அதன் விதிகளின்படியும் அந்த இடத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்தான் இதற்கு அணுக வேண்டிய இடம். வீடுகளுக்குச் செவிலியரை மட்டும் அனுப்புபவர்களும், தங்கள் சேவையை விவரித்து அந்த அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் பதில் பெற்று வைப்பது பாதுகாப்பானது. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது என்பதை மறவாதீர்கள்: காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் சிவகங்கை மாவட்டம், பொன்னமராவதி, இராயவரம், கோனாபட்டு பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். இரு பக்கமும் ஆள் அனுப்பினால் இரு மாவட்ட அலுவலகங்களின் தொடர்பும் தேவை.

பத்து ஊழியர்கள் சேர்ந்தவுடன் இ.எஸ்.ஐ. என்ற ஊழியர் காப்பீடு பொருந்தும், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு நிறுவனம் 3.25 விழுக்காடும் ஊழியர் 0.75 விழுக்காடும் செலுத்த வேண்டும். இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதி. சிலர் ஊழியர்களைக் 'கமிஷன் ஆட்கள்' என்று கணக்கில் காட்டி இவற்றைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். பெரியவர்களைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடியும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் எத்தனை பெரிய துணை என்பதை நினைத்தால், அந்தச் செலவை மிச்சம் பிடிக்க மனம் வராது.

முதலீடு குறைவாக உள்ளவர்கள், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். சேவைத் தொழிலில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி தேவை. கிராமப்புறத்தில் தொடங்கும் பெண்களுக்கு மானியம் 35 விழுக்காடு வரை வகுக்கப்பட்டிருக்கிறது.

ஆள் எடுக்கும்போது

ஆதார் நகல் மட்டும் போதாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவை வழியாக ஒவ்வோர் ஊழியருக்கும் காவல் சரிபார்ப்புச் சான்று பெறுங்கள். முன்பு வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்காவது நீங்களே பேசுங்கள். உடல் பரிசோதனை செய்து, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என மூன்று தவணையாகப் போட ஏற்பாடு செய்யுங்கள், செலவு உங்களுடையது. பயன்படுத்திய ஊசிகளைக் குத்தாத கெட்டியான டப்பாவில் சேர்த்து, அவற்றைப் பெற்றுக்கொள்ள இசையும் மருத்துவமனையிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டையும் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள்.

பெண் ஊழியர்களின் பாதுகாப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டின் சட்டம், குடியிருக்கும் வீட்டையும் பணியிடமாகவே கொள்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் இருந்தால் உள் புகார்க் குழு அமைக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம் என்பதை ஊழியர் அனைவருக்கும் பணி ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள். கடைசிப் பேருந்து போய்விட்ட ஊரில் இரவு எட்டு மணிக்குப் பணி முடியும்படி ஒரு பெண்ணுக்கு நேரம் போடக் கூடாது.

24 மணி நேரம் தங்கிப் பார்க்கும் பணியைப் பலரும் ஒரே ஆளைக் கொண்டு ஓட்டுகிறார்கள். பெரியவர் இரவில் நன்றாக உறங்குபவர் என்றால் அது முடியும். மறதி நோயால் இரவெல்லாம் எழுந்து நடப்பவர் என்றால், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேர் தேவை என்பதை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தைப்பூசப் பாதயாத்திரைக் காலத்திலும் ஊர்த் திருவிழாக்களிலும் ஊழியர்கள் ஒட்டுமொத்தமாக விடுப்புக் கேட்பார்கள். மாற்று ஆட்களின் பட்டியலை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்.

ஆளை அனுப்பும் முன் வீட்டைப் பாருங்கள்

வேறு ஊர்களில் எழுதிய கையேடுகள் செட்டிநாட்டில் முழுவதும் பயன்படாமல் போவது இங்கேதான். முகப்பிலிருந்து, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவுக்கும், வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கும் போகும் ஒவ்வொரு நிலையிலும் உயரமான படி இருக்கும். முற்றத்தின் ஓரத்தில் கல்படிகள் இறங்கும். மழை பெய்தால் முற்றத்துச் சாரல் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை வழுக்கலாக்கும். பல பழைய வீடுகளில் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. வளவை ஒட்டிய அறையில் படுத்திருக்கும் ஆச்சி, இரவில் மூன்று நிலைப்படிகளைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருக்கும். இத்தகைய வீட்டுக்கு எவ்வளவு திறமையான அட்டெண்டரை அனுப்பினாலும், இடம் திருந்தாவிட்டால் விழுவதைத் தடுக்க முடியாது.

ஆகவே மேற்பார்வைச் செவிலியர் நேரில் சென்று, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை பெரியவரோடு நடந்து பார்த்து, மாற்ற வேண்டியவற்றை எழுதித் தர வேண்டும். கட்டிலைக் கழிப்பறைக்கு அருகில் உள்ள அறைக்கு மாற்றுவது, இரவுக்குக் கமோடு நாற்காலி வைப்பது, சுவரில் கைப்பிடி பொருத்துவது, வழுக்காத ரப்பர் விரிப்புப் போடுவது, நடக்கும் வழியெங்கும் இரவு விளக்கு எரிய விடுவது, கைக்கெட்டும் தூரத்தில் அழைப்பு மணி வைப்பது எல்லாம் பெரிய செலவில்லாத மாற்றங்கள். நிலைப்படிக்கு மரச் சரிவுப் பலகை செய்து போட்டால், பழைய வேலைப்பாட்டில் ஓர் ஆணிகூட அடிக்காமல் சக்கர நாற்காலியைத் தள்ளிச் செல்லலாம்.

அதே வருகையில் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலின் எந்தப் பக்கம் வந்து நிற்க முடியும் என்பதையும் பார்த்துவிடுங்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும் வீடுகளில், 108க்கு எந்தத் தெருவின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதை எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரம் என்பதால், முதலில் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவது என்ற முடிவையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

ஒப்பந்தம்

பணம் கொடுப்பவர் சிங்கப்பூரில் இருப்பார். சேவை பெறுபவர் கோட்டையூரில் இருப்பார். இருவரின் விருப்பமும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். தெளிந்த நினைவோடு இருக்கும் பெரியவரிடம் அவருடைய ஒப்புதலை நேரில் கேட்க வேண்டும். வரப்போகும் பெண்ணை அவர் முதலில் பார்த்துப் பேசி, சம்மதம் சொன்ன பிறகே பணி தொடங்க வேண்டும். ஆச்சி என்றா, ஐயா என்றா, வேறெப்படி அழைப்பது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் செய்யும் வேலைகளோடு செய்யாத வேலைகளையும் எழுதுங்கள். வீடு முழுவதும் கூட்டுவதும், விருந்தினருக்குச் சமைப்பதும் அட்டெண்டரின் பணியல்ல என்று எழுத்தில் இல்லாவிட்டால், ஒரு மாதத்தில் அவை அவருடைய தலையில் வந்து விழும். ஊழியர் எங்கே படுப்பார், எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவார், என்ன சாப்பிடுவார் என்பதும் அதில் இருக்க வேண்டும். தன் தாயைத் தொட்டுக் குளிப்பாட்டும் பெண்ணைப் பின்வாசல் திண்ணையில் உட்கார வைத்துச் சோறு போடும் வீடு என்றால், அங்கே ஆள் அனுப்ப மறுத்துவிடுங்கள்.

நகை, வெள்ளிச் சாமான், பத்திரம் உள்ள அறைகளைப் பூட்டிச் சாவியை உறவினரிடமோ பங்காளிகளிடமோ ஒப்படைக்கும்படி குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் சாவியும் உங்கள் ஊழியர் கைக்கு வரக் கூடாது. ஊழியரின் நற்பெயரைக் காப்பாற்றுவதும் இந்த ஒரு விதிதான். பெரியவரின் வங்கி அட்டை, கையெழுத்து, உயில் ஆகியவற்றின் பக்கமே ஊழியர் போகக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர் தம் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயில் உங்கள் நிறுவனக் கணக்குக்கு மாதந்தோறும் அனுப்பட்டும், ரொக்கத்தைத் தவிருங்கள்.

சேவையில் குறை என்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். அன்றாடக் குறிப்பேடுதான் அங்கே உங்களுக்குக் கைகொடுக்கும்: உணவு, மாத்திரை, இரத்த அழுத்தம், சிறுநீர், மலம், புரட்டிப் படுக்க வைத்த நேரம், தோலில் கண்ட சிவப்பு ஆகியவற்றை நேரத்தோடு எழுதிக் கையொப்பமிட வேண்டும். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் எடுங்கள். நோயாளியின் படத்தையோ நோய் விவரத்தையோ உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஊழியர் பகிரக் கூடாது. குடும்பம் குறித்துத் தந்த ஒருவருக்கு மட்டுமே நாள்தோறும் தகவல் போக வேண்டும்.

முதல் ஆறு மாதம்

தொடக்கத்திலேயே செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவரையோ, மருத்துவமனை கைவிரித்து அனுப்பிய சிக்கலான நோயாளியையோ ஏற்காதீர்கள். வருமானம் அதிகம் என்பதால் ஆசை எழும், ஆனால் அதற்குரிய செவிலியர் அணி உங்களிடம் அப்போது இருக்காது. பகல்நேரத் துணை, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சில வாரப் பராமரிப்பு, நடக்க முடிந்த முதியோருக்கான கவனிப்பு ஆகியவற்றை, அலுவலகத்திலிருந்து அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊர்களில் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரிய வீட்டுச் செட்டியார்களை மட்டும் நம்ப வேண்டாம். அழகப்பா பல்கலைக்கழகம், மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆகியவற்றில் ஓய்வு பெற்றோரும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இதே தேவையோடு இருக்கிறார்கள்.

உங்கள் கட்டணத்தைக் கொடுக்க இயலாத குடும்பம் வந்து கேட்டால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளும், இயன்முறைச் சிகிச்சையும், வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன என்பதைச் சொல்லி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வழிகாட்டுங்கள். முதியோர் உதவி எண் 14567ஐயும் எழுதிக் கொடுங்கள்.